ஆசார்ய ஜகதீச சந்திர போஸ்

கலவையில் பஸ் ஏறி, ஆற்காடு, வேலூர் வழியாக ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைக்குச் செல்லுகிறவர், வழி நெடுகக் கைப்பேசியில் வீட்டாருடன் பேசிக்கொண்டே போகலாம். அவருடைய குரல் பஸ்ஸிலிருந்து நேரே கலவைக்குப் பறந்து வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். கைப்பேசியின் சக்தியோ மிகச் சொற்பம். பக்கத்துக் கோபுரம் வரை எட்டினால் போதும். அங்குள்ள நிலையம் அதை வாங்கி, கண்ணாடி நார் மூலமாகவோ வேறு அலை மூலமாகவோ இணைப்பகத்துக்கு அனுப்புகிறது. பஸ் ஒரு கோபுரத்தின் எல்லையைத் தாண்டியதும் அடுத்த கோபுரம் பேச்சை ஏற்றுக்கொள்ளுகிறது. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள கோபுரங்கள் ஒரே அலைவரிசையைத் திரும்பவும் கையாளுவதால்தான் கோடிக்கணக்கானோர் பேச இடமிருக்கிறது.

இவ்வலைகளை அடக்கி வேலை வாங்கிய முன்னோடிகளில் ஒருவர் ஸ்ரீ ஜகதீச சந்திர போஸ். 1858-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் மைமன்சிங்கில் பிறந்தவர். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். எனினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார். கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய போஸ், 1885-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜில் ஆசிரியரானார். ஐரோப்பியர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக நியமனம் என்று அதிலும் பாதி குறைத்தனர். அவர் வேலையை விடவில்லை. சம்பளத்தைத் தொட மறுத்தார். மூன்று வருஷம் ஒரு காசும் பெறாமல் பாடம் சொன்னார். முடிவில் முழுச் சம்பளமும் பாக்கியுடன் வந்து சேர்ந்தது. கூச்சலில்லாத இந்தச் சத்தியாக்கிரகத்தை நமது ஊழியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

தக்க ஆராய்ச்சிசாலை இல்லை. சிறியதோர் அறையில், உள்ளூர்த் தகரவேலைக்காரரைப் பழக்கிக் கருவிகளைச் செய்வித்தார். அலைகளின் இயல்பைச் சோதிக்க முறுக்கிய சணலும், தாள்களிடையே ஈயத்தகடு செருகிய ரயில்வே அட்டவணைப் புத்தகமும் அவருக்குப் போதுமாயிருந்தன! 1895-ல் கல்கத்தாவில், கம்பியின்றி அனுப்பிய அலை சுவர்களை ஊடுருவி மணியை அடிக்கவும் வெடிமருந்தைக் கொளுத்தவும் மக்கள் கண்டனர். பின்னர் 5 மில்லிமீட்டர் நீள அலைகளையும் ஆக்கி ஆராய்ந்தார். 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவற்றை விளக்கினார்.

காப்புரிமையில் அவருக்கு விருப்பமில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1901-ல் விண்ணப்பித்து, 1904-ல் அமெரிக்காவில் ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டு அவர் பொருள் தேடவில்லை. சம்பளத்தை மறுத்தது அநீதியை எதிர்ப்பதற்காக. அதன் வீரம் ஐயமற்றது. காப்புரிமையை அலட்சியம் செய்தது பெருந்தன்மைதான். ஆனால் ஓர் ஏழை நாடு அதை முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்பதே நமது அபிப்பிராயம். அறிவைப் பொதுவில் வைப்பவன் ஒருவன்; யந்திரம் செய்து நமக்கே விலைக்கு விற்பவன் வேறொருவன்.

அதற்காக, கைப்பேசியைக் கண்டுபிடித்தவரே போஸ் என்று மேடையில் முழங்குவதும் தவறு. நிலப்பரப்பைச் சிறு வட்டாரங்களாகப் பிரிக்கும் யோசனை 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் எழுந்தது. போஸ் 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிடியில் காலமாகிவிட்டார். இல்லாத பட்டம் அவருக்கு எதற்கு?

அந்தக் கல்கத்தா பரிசோதனைக்குச் சரியாக நூறு வருஷங்களுக்குப் பின், 1995 ஜூலை 31-ந் தேதி, இந்தியாவின் முதல் கைப்பேசிப் பேச்சு அதே நகரிலிருந்து ஸ்ரீ ஜோதி பாசுவால் டில்லிக்குப் பேசப்பட்டது. 2022-ல் சர்க்கார் ஏலம் விட்ட 26 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 முதல் 12 மில்லிமீட்டர்; போஸின் அலைக்கு நெருங்கிய உறவு. அது வெகுதூரம் செல்லாதாகையால் கோபுரங்கள் நெருக்கமாக வேண்டும். அவர் 1917-ல் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் கல்கத்தாவில் இன்றும் நடந்துவருகிறது.