கல்விச் சுடர் ஏற்றிய பேகம் ரொக்கேயா அம்மையார்

ஒரு பெண்ணின் கல்விக்கு முதல் வாசல் அவளது வீடே ஆகும். அவ்வாசலை அடைப்பவர்களும் வீட்டாரே. திறந்து விடுபவர்களும் வீட்டாரே. வங்கத்தில் முஸ்லிம் பெண்களின் கல்விக்கு அரும்பாடுபட்ட பேகம் ரொக்கேயா அம்மையாரின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் மாவட்டத்திலுள்ள பைராபந்த் என்னும் சிற்றூரில், 1880ஆம் ஆண்டு ஜமீன்தார் குடும்பமொன்றில் அம்மையார் பிறந்தார்கள். தந்தையார் பன்மொழி அறிந்தவர். ஆயினும், பெண்மக்கள் குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்டால் போதும், வங்க மொழியும் ஆங்கிலமும் அவர்களுக்கு வேண்டியதில்லை என்பதே அக்காலத்து உயர்குடி வழக்கம். அவ்வீடும் அதற்கு விலக்கன்று.

மூத்த சகோதரர் இப்ராஹீம் சாபிர் கல்கத்தாவில் பயின்றவர். இரவில் வீட்டார் உறங்கிய பின்னர், மெழுகுவத்தி ஒளியில் அவர் தம் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். படிப்பு தடைபட்டு இளவயதிலேயே மணமுடிக்கப்பட்ட தமக்கை கரீமுன்னிஸா, வங்க மொழி பயில ஊக்கமூட்டினார்.

கணவர் சாகாவத் ஹுசைன் பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். மனைவி கற்பதையும் எழுதுவதையும் அவர் மனமுவந்து ஆதரித்தார். அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்னும் கதை, 1905இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த மகளிர் இதழொன்றில்தான் முதலில் அச்சேறியது. பெண்களுக்கென ஒரு பள்ளி அமைக்கக் கணவர் பத்தாயிரம் ரூபாயையும் ஒதுக்கி வைத்தார்.

பெற்ற பெண்மக்கள் இருவரையும் மழலைப் பருவத்திலேயே இழந்திருந்த அம்மையார், 1909இல் கணவரையும் இழந்தார்கள். ஆயினும் மனந்தளராது, அதே ஆண்டில் ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் கணவர் பெயரால் பள்ளியைத் தொடங்கினார்கள். கணவர் வழி உறவினரின் சொத்துப் பிணக்கால் அவ்வூரை விட்டு அகல நேர்ந்தது. 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் பள்ளி மீண்டும் தொடங்கியது. வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடினார்கள். திரையிட்ட வண்டியில் பிள்ளைகளை அழைத்து வரவும் ஏற்பாடு செய்தார்கள். 1916இல் முஸ்லிம் மகளிர்க்கென ஒரு சங்கத்தையும் நிறுவி, ஏழைப் பெண்களுக்கும் விதவையர்க்கும் உதவினார்கள்.

1932 டிசம்பர் 9ஆம் நாள் அம்மையார் வஃபாத்தானார்கள். அவர்கள் தொடங்கிய பள்ளி அவர்களுக்குப் பின்னும் நிலைத்தது.

அண்ணனும் தமக்கையும் கணவரும் துணை நின்றதால் ஒரு பெண் கற்றார். அவரால் பல நூறு பெண்கள் கற்றனர். நம் மஹல்லாவில் பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தக் காத்திருக்கும் பெண்மக்களுக்கு, அத்தகைய அண்ணனாகவும் தந்தையாகவும் கணவனாகவும் நாம் இருக்கின்றோமா என்பதை ஜமாஅத்தார் ஒவ்வொருவரும் சிந்திப்போமாக.