ஆளைத் தேர்ந்த பின்பே அமைப்பு: டிராம்பேயை வளர்த்த ஹோமி பாபா

மும்பை, ஜன. 24: இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஹோமி ஜஹாங்கீர் பாபாவின் நினைவு தினம் இன்று (ஜன. 24) அனுசரிக்கப்படுகிறது. இயற்பியலாளராக உலகப் புகழ் பெற்ற அவர், நிறுவனங்களை வளர்த்தெடுப்பதிலும் தனி வழி கண்டவர்.

மும்பையில் 1909 அக்டோபர் 30-ல் பிறந்த பாபா, கேம்பிரிட்ஜில் பயின்றார். 1939-ல் விடுமுறைக்காகத் தாயகம் வந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டதால், பெங்களூரில் சர் சி.வி.ராமன் தலைமையிலான இயற்பியல் துறையில் சேர்ந்தார். அணுமின்சாரம் பயன்பாட்டுக்கு வரும் காலத்தில் நிபுணர்களுக்காக இந்தியா அயல்நாடுகளை நாடக் கூடாது என வலியுறுத்தி, 1944-ல் டாடா அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவானது.

அணுசக்தி ஆணையம் 1948-ல் அமைக்கப்பட்டபோது பாபா அதன் தலைவரானார். தமிழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் கே.எஸ்.கிருஷ்ணன் அதில் உறுப்பினராக இருந்தார். 1954-ல் டிராம்பேயில் அணுசக்தி ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது.

முதலில் கட்டடம் எழுப்பிப் பதவிகளை வகுத்து, பின்னர் அவற்றுக்கு ஆள் தேடுவது வழக்கமான முறை. பாபா அதை மாற்றினார். திறமையாளரை முதலில் கண்டறிந்து, அவரைச் சுற்றியே ஒரு பிரிவை வளர்ப்பது அவரது கொள்கை. அனுபவமிக்க பேராசிரியர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து இழுத்தால் இரு தரப்பும் நலிவடையும் என்று கருதிய அவர், 1957-ல் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, இளம் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி அளித்துப் பணியமர்த்தினார்.

1956 ஆகஸ்ட் 4-ல் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலைக்கான எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையை இந்தியப் பொறியாளர்களே அமைத்தனர். கட்டுப்பாட்டுக் கருவிகளை உருவாக்கிய மின்னணுப் பணியின் தொடர்ச்சியாகவே, 1967-ல் ஹைதராபாதில் இந்திய மின்னணுக் கழகம் உருவெடுத்தது.

எனினும் ஆணையத் தலைவர், துறைச் செயலர், ஆய்வுக்கூட இயக்குநர் ஆகிய பொறுப்புகள் அனைத்தும் பாபா ஒருவரிடமே குவிந்திருந்தன. இதனால் முடிவுகள் விரைந்தன; அதே வேளையில், அவருக்குப் பின் என்ன என்ற கேள்வியும் இருந்தது. 1966 ஜனவரி 24-ல் வியன்னா செல்லும் வழியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன்ட் பிளாங்க் சிகரத்தில் ஏர் இந்தியா விமானம் மோதி, 56-ஆவது வயதில் அவர் உயிரிழந்தபோது அக்கேள்வி நேரில் எழுந்தது.

ஆமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனம் உருவாகக் காரணமானவர்களுள் ஒருவரான விக்ரம் சாராபாய், அதே ஆண்டில் ஆணையத் தலைவரானார். அடுத்த ஆண்டில் டிராம்பே ஆய்வுக்கூடத்துக்குப் பாபாவின் பெயர் சூட்டப்பட்டது. இந்தியப் பொறியாளர்களின் முயற்சியில் உருவான கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது. பாபா தொடங்கிய பயிற்சிப் பள்ளி இன்றும் செயல்படுகிறது.