இளவரசியின் உணவு மேசையும் எமது வீட்டுச் சமையலறையும்

ஹாலிஎலையிலும் அதனைச் சூழவுள்ள தோட்டங்களிலும் ஒரு பிள்ளை மெலிந்து காணப்பட்டால் நாம் முதலில் வறுமையையே நினைக்கின்றோம். அதில் தவறில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமற்ற ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தேசிய அளவில் 17 சதவீதமாக இருக்க, பெருந்தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 சதவீதமாக இருந்தனர். பசியை இவ்வளவு நெருக்கமாக அறிந்த நாம், உணவு இருந்தும் உண்ண அஞ்சுகின்ற நோயொன்று உண்டு என்பதை எளிதில் நம்புவதில்லை. நம்பினாலும், அது செல்வந்தர் வீட்டு நோய் என்று ஒதுக்கி விடுகின்றோம்.

அந்த நோயை உலகறியச் செய்தவர் அரண்மனையில் வாழ்ந்தவர் என்பது அவ்வெண்ணத்துக்கு வலுச்சேர்ப்பதாகத் தோன்றலாம். ஆனால், பிரித்தானிய இளவரசி டயானாவின் வாழ்க்கையை ஊன்றி நோக்கினால், அவரது துன்பத்துக்கு அரண்மனை காரணமானதைவிட அதனைச் சூழ்ந்திருந்த மௌனமே பெரிதும் துணைபோனது என்பது புலனாகும்.

1961ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி பிறந்த டயானா, சிறு வயதிலேயே தாய் தந்தையரின் பிரிவைக் கண்டவர். மூத்த சகோதரி சாரா, உணவைத் தவிர்த்து உடலை வருத்தும் அனொரெக்ஸியா நோயினால் 1970களில் பாதிக்கப்பட்டிருந்தார். இலண்டனில் பாலர் பாடசாலையொன்றில் உதவியாளராகப் பணியாற்றிய டயானாவுக்கும் இளவரசர் சார்ள்ஸுக்கும் 1981 பெப்ரவரியில் திருமணம் நிச்சயிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 19.

நிச்சயதார்த்தத்தை அடுத்த நாட்களிலேயே நோய் ஆரம்பித்ததாக அவர் பின்னாளில் தெரிவித்தார். தமது உடற்பருமன் பற்றி மணமகன் கூறிய சிறு வார்த்தையொன்று தம்முள் எதையோ தூண்டிவிட்டதாகவும் அவர் நினைவுகூர்ந்தார். திருமணத்துக்கு முன்னரே அவர் வெகுவாக மெலிந்தார். பத்திரிகைகளோ அந்த மெலிவை அழகென்று புகழ்ந்தன. அவரது உடல் அளவுகளை அன்று பலர் அச்சிட்டனர். நாம் இங்கு அவற்றைத் தரப்போவதில்லை. நோயுற்ற ஒருவருக்கு அத்தகைய எண்கள் போட்டிக்கான இலக்குகளாகிவிடும் என்பதே காரணம்.

அவரைப் பீடித்த நோயின் பெயர் புலிமியா. கட்டுப்பாடிழந்து மிகையாக உண்பதும், பின்னர் குற்றவுணர்வினால் உண்டதை உடலிலிருந்து வெளியேற்ற முயல்வதும் அதன் இயல்பு. இலண்டனில் பணியாற்றிய உளமருத்துவர் ஜெரால்ட் ரசல் 1979இலேயே அதனைத் தனி நோயாக விபரித்துப் பெயரிட்டார். டயானா நோயுற்றபோது அப்பெயருக்கு வயது இரண்டு மாத்திரமே. மருத்துவர்களுள்ளும் பலர் அறியாத நோயை அரண்மனையில் இருந்தோர் எங்ஙனம் அறிவர்? இந்நோயாளர் பலரின் உடல் எடை இயல்பாகவே இருக்கும் என்பதால் பார்வைக்கு எதுவும் புலப்படுவதில்லை. உள்ளேயோ பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்புப் பாதிக்கப்படலாம். பல்லின் மேற்பூச்சுக் கரையலாம்.

1982இலும் 1984இலும் இரு புதல்வர்களைப் பெற்றெடுத்து, புன்னகையுடன் நாடு நாடாகச் சென்ற அந்த ஆண்டுகள் முழுவதும் நோய் அவருடனேயே இருந்தது. உணவு வீணாவதாகக் குறைகூறியவர்கள் இருந்தார்கள். ஏன் இப்படி நடக்கின்றது என்று அமர்ந்து கேட்டவர்கள் அரிதாகவே இருந்தார்கள்.

திருப்பம் 1980களின் பிற்பகுதியில் நேர்ந்தது. முன்னர் ஒரே வீட்டில் தங்கியிருந்த தோழி ஒருவர், மருத்துவரை நாடியே ஆகவேண்டுமென விடாது வற்புறுத்தினார். சகோதரி சாராவுக்குச் சிகிச்சையளித்திருந்த உளமருத்துவர் மோரிஸ் லிப்செட்ஜின் உதவியை டயானா நாடினார். குணம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. மாதக்கணக்கில் சந்திப்புகள் தொடர்ந்தன. இடையிடையே சறுக்கல்களும் நேர்ந்தன. எனினும், படிப்படியாக அவர் மீண்டார். மீட்சியின் முதற்படி மருந்தன்று, தம்மைக் கைவிடாத ஒருவர் அருகிலிருந்ததே என்பதை இங்கு நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

1992இல் அன்ட்ரூ மோர்ட்டனின் நூல் வாயிலாக இந்நோய் பற்றிய செய்தி வெளியானபோது உலகம் அதிர்ந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இலண்டனில் நடைபெற்ற உணவுசார் நோய்கள் பற்றிய மாநாட்டில் டயானா உரையாற்றினார். 1995 நவம்பரில் பிபிசி தொலைக்காட்சியில் தமது நோயைத் தாமே ஒப்புக்கொண்டார். அந்த நேர்காணல் வஞ்சகமான வழியில் பெறப்பட்டதென 2021இல் வெளியான விசாரணை அறிக்கை உறுதிசெய்தது. அவ்வஞ்சகம் கண்டிக்கத்தக்கது. ஆயினும், தமது வாய்மொழியாலேயே வெட்கத்தை உடைத்த அவரது துணிவு அதனால் குறைந்துவிடாது.

1990களின் முற்பகுதியில் பிரித்தானியாவில் குடும்ப மருத்துவர்கள் கண்டறிந்த புலிமியா நோயாளரின் தொகை உயர்ந்து, 1996இல் உச்சத்தைத் தொட்டுப் பின் குறைந்ததாக 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நோய் திடீரெனப் பெருகியதென்பதைவிட, மறைத்து வாழ்ந்தவர்கள் மருத்துவரிடம் வரத் துணிந்தனர் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகின்றது. 1997 ஆகஸ்ட் 31ஆம் திகதி பாரிஸ் நகரில் வாகன விபத்தில் இறந்தபோது டயானாவுக்கு வயது 36. அவர் விட்டுச்சென்ற கொடைகளுள் இத்துணிவும் ஒன்றாகும்.

இனி எமது வீடுகளுக்கு வருவோம். கைத்தொலைபேசித் திரை இன்று லயன் அறைக்குள்ளும் வந்துவிட்டது. மெலிந்த உடலே அழகு என்னும் பாடத்தை அது எமது பிள்ளைகளுக்கும் புகட்டுகின்றது. திருமணப் பேச்சு வந்தால், பெண் பருத்திருக்கின்றாள் என்று உறவினர் முகத்துக்கு நேரே கூறுகின்றனர். உண்ண மறுக்கும் பெண்ணைப் பேய் பிடித்தவள் என்றோ பிடிவாதக்காரி என்றோ முடிவுகட்டுகின்றோம். ஆண் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் என்பதை எண்ணிப்பார்ப்பதே இல்லை.

விரதமும் நோன்பும் எமது சமயங்களின் புனிதக் கடமைகள். ஆனால், நோயை மறைக்கும் திரையாக அவை ஆகிவிடக் கூடாது. ரமழான் நோன்பிலும் நோயாளருக்கு இஸ்லாம் சலுகை அளித்துள்ளது, உளநோயும் நோயே. விரத நாட்கள் முடிந்த பின்னரும் உணவுக்கு அஞ்சும் பிள்ளையைப் பக்திமான் என்று பாராட்டுவதை விடுத்து, மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவதே பெற்றோரின் கடமையாகும்.

உணவு மேசையில் அதட்டுவதும் அழவைப்பதும் பயன் தரா. உடலைப் பற்றிப் பேசாது, உள்ளத்தைப் பற்றித் தனிமையில், அமைதியாகக் கேட்க வேண்டும். உண்டவுடன் எழுந்து சென்று கதவைச் சாத்திக்கொள்வது, பிறருடன் அமர்ந்து உண்ண மறுப்பது, மாதவிடாய் நின்றுபோவது, அடிக்கடி மயங்கி விழுவது ஆகிய அறிகுறிகளைக் கண்டால் தாமதிக்கலாகாது. பதுளை வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துடன் தொடர்புகொண்டு ஆலோசனை பெறலாம். பதின்ம வயதினரின் அனொரெக்ஸியாவுக்குப் பெற்றோரையே துணையாகக் கொண்ட சிகிச்சை சிறந்த பலன் தருவதை மருத்துவ உலகம் கண்டறிந்துள்ளது. ஆகவே, பெற்றோர் குற்றவாளிகளாகத் தலைகுனிய வேண்டியதில்லை. அவர்களும் சிகிச்சையின் ஓர் அங்கமே.

உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நோயைப் பல ஆண்டுகள் எவரும் காணவில்லை. எமது வீட்டுச் சமையலறையில் மூடிவைத்த சோறு மூன்று நாட்களாகத் தொடப்படாமல் இருந்தால், அதனை நாமாவது காண்போமாக.