காமா பயில்வானும் கிரியேட்டின் டப்பாவும்

மட்டக்களப்பு வாவியோரத்து எங்கள் ஊர்களில் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகி வருகின்றன. நல்ல விடயம்தான். ஆனால் சாதாரண தர வகுப்புப் பையன்கள் என்னிடம் கேட்பது பயிற்சியைப் பற்றியல்ல. கிரியேட்டின் மாவு எங்கே வாங்கலாம், அது ஹலாலா என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் மர்ஹூம் காமா பயில்வானைப் பற்றிச் சொல்வதுண்டு.

குலாம் முஹம்மத் என்பது அவரது இயற்பெயர். 1878 இல் பஞ்சாபில் ஒரு மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே யதீமானவர். உறவினர்களே வளர்த்துப் பயிற்றுவித்தார்கள். பத்து வயதில் ஜோத்பூர் மன்னர் நடத்திய, குந்தி எழும் போட்டியில் 400க்கு மேற்பட்ட பயில்வான்களோடு இறங்கி, கடைசிவரை தாக்குப்பிடித்த 15 பேரில் ஒருவரானார். வாலிபத்தில் தினமும் 5000 பைட்டக், 3000 தண்டால் எடுத்தார் என்பார்கள். இதில் மிகை இருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும் எங்களில் யாருக்கு முடியும்?

பால், நெய், பாதாம், இறைச்சிச் சாறு இவைதான் அவரது உணவு. இறைச்சியிலும் மீனிலும் கிரியேட்டின் இயற்கையாகவே உண்டு. எமது உடலும் அதைச் சுரக்கிறது. டப்பாவில் வருவது பெரும்பாலும் இரசாயன முறையில் தயாரிக்கப்படுவது. ஆகவே மாவை விட, ஜெலட்டின் உறையிட்ட குளிசைகளில்தான் ஹலால் முத்திரையைப் பார்க்க வேண்டும். குறுகிய நேரத்தில் முழு வேகத்தைக் காட்டும் உழைப்புக்கு அது உதவுவது உண்மை. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். ஆனால் உடலில் நீரைத் தேக்கி எடையைக் கூட்டும். எடைப் பிரிவு பார்க்கும் ஜூடோ, குத்துச்சண்டை வீரர்களுக்கு அது சிக்கல். 18 வயதுக்குக் குறைந்தோரும் சிறுநீரக நோயுள்ளோரும் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. பயிற்சி செய்யாதவனுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

1910 இல் காமா இலண்டன் போனார். உயரம் போதாதென்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். அவரோ எந்த எடைக்காரரும் வரட்டும் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். அமெரிக்கரான ரோலரை வீழ்த்தினார். அடுத்து வந்த போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ, செப்டம்பர் 10 ஆம் திகதி இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகப் பெரும்பாலும் குப்புறக் கிடந்தே சமாளித்தார். மறுவாரம் மோத வரவேயில்லை. 1928 இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். காமாவுக்கு அப்போது ஏறக்குறைய ஐம்பது வயது. ஒரு நிமிடத்துக்குள் மோதல் முடிந்துவிட்டது.

பிரிவினைக்குப் பின் லாஹூரில் வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் நோயும் பணக் கஷ்டமும் சேர்ந்து வாட்டின. 1960 மே 23 ஆம் திகதி வபாத்தானார்.