இரணவைத்தியர் கார்ல் லாங்கன்பூக்

ஈரலின் அடியில் ஒட்டிக் கிடக்கும் சிறு பை பித்தப்பை. அதனுள் எழும் புற்றுக்கட்டிகள் அரியன; ஆயினும் கொடியன. நோயாளி வலியுணர்ந்து வைத்தியரை நாடுமுன்னரே அவை பெரும்பாலும் ஈரலுட் புகுந்துவிடுகின்றன. இந்நாளில் அவற்றுட் சில தொடக்கத்திலேயே பிடிபட்டு ஒருவர் உயிர் பிழைப்பாராயின், அப்பேற்றுக்கு வழிவகுத்தோருள் முதல்வராக யாம் கருதுவது ஜெர்மானியராகிய கார்ல் லாங்கன்பூக் என்பாரையே. வைத்தியம் பயில்வோர் அவர் பெயரை அறிவர். தமிழ் பயிலும் எமக்கு அவர் வரலாறு எற்றுக்கு எனின், அவர் கத்தியினும் அவர் சிந்தித்த முறையே எம்மைக் கவர்ந்தது என்போம்.

அவர் 1846-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் கீல் என்னும் துறைமுக நகரிற் பிறந்து, அவ்வூரிலேயே வைத்தியங் கற்றார். பின்னர்ப் பெர்லின் நகரடைந்து, பெத்தானியன் வைத்தியசாலையில் வில்ம்ஸ் என்னும் பெரியாரிடம் துணைவைத்தியராக அமர்ந்தார். 1873-இல், வயது முப்பது நிரம்புமுன்னரே, டீக்கனஸ் சகோதரிகள் நோயாளரைப் பேணிவந்த லாசரஸ் வைத்தியசாலைக்குத் தலைவரானார்.

அக்காலத்திற் பித்தக்கல்லால் துடிப்போர்க்கு மார்பியாவே துணை. 1867-இல் அமெரிக்க நாட்டு ஜான் பாப்ஸ் என்பார் பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்தார். பிறரும் அவ்வழியே சென்றனர். கல் போயிற்று, பை இருந்தது, மீண்டும் கல் விளைந்தது. லாங்கன்பூக் இவ்விடத்தேதான் வேறுபட்டார். கல் இருக்கும் இடம் மட்டுமன்று, கல் பிறக்கும் இடமும் அப்பையே. வேரை விட்டு இலையைக் கிள்ளுவதாற் பயன் என்னை? ஆனால் பையின்றி மனிதன் வாழ இயலுமா? யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பையே இல்லை என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். பதினேழாம் நூற்றாண்டிலேயே பை நீக்கப்பட்ட நாய் உயிரோடிருந்ததையும் அறிந்தார். பெர்லின் நோயாளி ஒருவரின் உயிரை யானையின் வயிறு காத்தது என்றாலும் பொருந்தும்! எனினும் எண்ணிய அளவில் கத்தியை எடுத்தாரல்லர்; பிணங்களை அறுத்துப் பன்முறை பழகிய பின்னரே துணிந்தார்.

1882-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் அத்துணிவு செயலாயிற்று. நோயாளி 43 வயதினர். 16 ஆண்டுகளாக அந்நோயுற்று, உடல் மெலிந்து, மார்பியாவுக்கு அடிமையானவர். லாங்கன்பூக் வயிற்றைத் திறந்து, பையின் குழாயைப் பட்டுநூலாற் கட்டி, பையை ஈரலினின்று பிரித்து முழுதும் அகற்றினார். உள்ளே இருந்தவை இரண்டே கற்கள். சில வாரங்களில் நோயாளி நலமுற்று வீடு சென்றார்.

உலகம் உடனே ஒப்பவில்லை. இங்கிலாந்திற் புகழ் பெற்றிருந்த லாசன் டெயிட் இம்முறையைக் கடுமையாக மறுத்தார். அவர்க்கு விடையளித்தவை வாதங்களல்ல, பிழைத்த நோயாளிகளே. 1897-க்குள் ஏறத்தாழ 100 பேர்க்கு இச்சிகிச்சை நிகழ்ந்தது. நூற்றுக்கு 20-க்குங் குறைவானோரே இறந்தனர்.

1888-இல் அவர் வெளியிட்ட பிறிதொரு செய்தியும் ஈண்டு உரைக்கத்தக்கது. ஒரு பெண்ணின் ஈரலில் இடப்புறம் திரண்டிருந்த ஒன்றை அவர் வெட்டியெடுத்தார். பின்பு உள்ளே குருதி பெருகியது. வயிற்றை மீண்டும் திறந்து அதனை அடக்கினார், அப்பெண் பிழைத்தாள். எடுத்ததை ஆராய்ந்தபோது அது கட்டியே அன்று. இடையை இறுக்கும் கச்சினால் நெருக்குண்டு பிதுங்கிய ஈரற்பகுதி! அழகின் பொருட்டு அந்நாளைய பெண்டிர் பட்ட பாடு இத்துணையது. எனினும், ஈரலின் ஒரு பகுதியை எண்ணித் துணிந்து அறுத்தபின்னும் உயிர் நிலைக்கும் என்பது வெளிப்பட்டது.

இவ்விரண்டும் இன்று ஓரிடத்திற் கூடுகின்றன. கல்லுக்காக அகற்றிய பையைப் பூதக்கண்ணாடியின்கீழ் ஆராயும்போது, ஒருவரும் ஐயுறாத கட்டி சிற்சில வேளை தென்படுகின்றது. பெரும்பாலன சுரப்பித் திசுவில் எழுவன. செதிலணுக்களால் ஆயினவும் நரம்புச் சுரப்பணுக்களின்பாற்பட்டனவுமாகிய மிக அரிய இனங்களும் உள. இவற்றை உறுதியாக வேறு பிரித்துக் காட்டுவது அவ்வாராய்ச்சியே. சுரப்பிக்கட்டி உட்படலத்தளவில் நின்றதாயின் பையை எடுத்ததே பெரும்பாலும் போதும். தசைச்சுவரினுட் புகுந்ததாயின், நோயாளியின் நிலை இடங்கொடுக்குமளவில், அடுத்துள்ள ஈரற்பகுதியையும் நிணநீர்க்கணுக்களையும் அறுத்தெடுக்கின்றனர்.

ஈரல், பித்தப்பை இவற்றின் இரணசிகிச்சை பற்றி அவர் இயற்றிய பெருநூல் 1894-லும் 1897-லும் இரு பகுதிகளாக வெளிவந்தது. வயிற்றினுட் கைவைக்க அஞ்சிய உலகுக்கு வழிகாட்டிய அவர், குடல்வால் அழன்று வயிற்றினுட் சீழ்பரவி, 1901-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் தம் 54-ஆம் வயதிற் பெர்லினில் காலமானார்.