ஏடு காத்த மன்னர்

நுழையும்முன்

போர்க்களத்தில் பெற்ற வெற்றிகளால் புகழடைந்த மன்னர்கள் பலர். தஞ்சையின் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி போர் எதிலும் வென்றவர் அல்லர். அரியணை ஏறிய மறு ஆண்டே ஆட்சியுரிமையை இழந்தவர். எனினும், அறிவுலகம் அவரை நன்றியோடு நினைக்கிறது. அதற்கான காரணத்தை அவருடைய வாழ்க்கை எடுத்துரைக்கும்.

இருளில் தொடங்கிய இளமை

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பிறந்தார். ஆண் வாரிசு இல்லாத தஞ்சை மன்னர் துளஜா, 1787இல் இவரைத் தத்தெடுத்துக்கொண்டார். அவ்வாண்டிலேயே மன்னர் மறைந்தார். சாத்திர முறைப்படி இத்தத்து செல்லாது என்று கூறப்பட்டதால், துளஜாவின் தம்பி அமர்சிங் அரசரானார். பத்து வயதுச் சிறுவரான சரபோஜி, கல்வி மறுக்கப்பட்டு அரண்மனையிலேயே அடைபட்டுக் கிடந்தார்.

இந்நிலையில் அவருக்குத் துணைநின்றவர் செருமானிய சமயத் தொண்டர் சுவார்ட்ஸ் ஆவார். அவருடைய முயற்சியால் சரபோஜி 1793இல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கு ஐரோப்பிய மொழிகளையும் அறிவியலையும் கற்றார். சுவார்ட்ஸைத் தந்தையாகவே கருதிய அவர், தம் சமயத்தைவிட்டு மாறவில்லை. 1798இல் சுவார்ட்ஸ் மறைந்தபின், சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் அமைக்கச் செய்தார். தஞ்சையில் உள்ள தேவாலயத்தில் அதனை இன்றும் காணலாம்.

முடியும் உடன்படிக்கையும்

தத்து செல்லும் என்று பின்னர் முடிவாகி, 1798 ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார். அடுத்த ஆண்டு தென்னிந்திய வரலாற்றின் திருப்புமுனையாயிற்று. 1799 மே மாதம் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு ஒன்பது நாள்கள் கழித்து, அக்டோபர் 25இல், சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். நாட்டின் நிருவாகம் முழுவதும் கம்பெனியிடம் சென்றது. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு 1 இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. அப்போது அவருக்கு வயது 22.

படையும் அதிகாரமும் அற்ற மன்னர் அப்பொருளைக் கேளிக்கையில் செலவிட்டிருக்கலாம். சரபோஜியோ அதனை அறிவுப் பணிக்கு ஆக்கினார்.

சரசுவதி மகால்

தஞ்சை அரண்மனை நூலகம் நாயக்கர் காலத்திலேயே தோன்றியது. அதனை உலகறியச் செய்தவர் சரபோஜியே. தமிழ், வடமொழி, தெலுங்கு, மராத்தி ஆகிய மொழிகளின் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1820இல் பெரும் பரிவாரத்துடன் காசிப் பயணம் மேற்கொண்டபோதும் இப்பணி நிற்கவில்லை. ஆங்காங்கே கிடைத்த அரிய நூல்களைப் படியெடுக்கச் செய்தார். மருத்துவம், இயற்பியல், வானியல், இசை முதலிய துறைகளைச் சார்ந்த 4,000க்கும் மேற்பட்ட ஐரோப்பிய நூல்களையும் வாங்கினார். அவற்றுள் பலவற்றில் அவருடைய கையொப்பம் காணப்படுகிறது. 1805இல் தேவநாகரி எழுத்துகளைக் கொண்ட அச்சுக்கூடம் ஒன்றையும் நிறுவினார்.

மருத்துவமும் கலையும்

தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தில் பல்வேறு மருத்துவ முறைகளும் ஒருங்கே ஆராயப்பட்டன. பயன் கண்ட மருந்துகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில் தமிழ்ப் பாடல்களாகத் தொகுக்கப்பட்டன. கண் மருத்துவம் பெற்ற நோயாளிகளின் குறிப்புகளும் கண்களின் வண்ண ஓவியங்களும் இன்றும் நூலகத்தில் உள்ளன. ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்க்கு உணவும், மாணவர்க்குக் கட்டணமில்லாக் கல்வியும் கிடைத்தன. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் அவர்மீது சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார்.

மனோரா

ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ச்சியுற்றதையும் ஆங்கிலேயரின் வெற்றியையும் குறிக்கும் வகையில், 1814இல் மல்லிப்பட்டினத்தை அடுத்த கடற்கரையில் மனோரா என்னும் எட்டு அடுக்குக் கோபுரத்தை எழுப்பினார். தம் நாட்டைப் பெற்றுக்கொண்டவர்களின் வெற்றிக்கே அவர் நினைவுச் சின்னம் எழுப்பினார். கம்பெனியின் நட்பைச் சார்ந்தே அவர் வாழவேண்டியிருந்தது என்பதற்கு அக்கோபுரம் சான்றாக நிற்கிறது. அவருடைய வாழ்வை மதிப்பிடுவோர் இதனையும் மறத்தல் ஆகாது.

நிலைத்த செல்வம்

1832 மார்ச் 7இல் சரபோஜி மறைந்தார். அவருக்குப்பின் அரசரான மகன் சிவாஜி, ஆண் வாரிசின்றி 1855இல் மறைந்ததோடு தஞ்சை மராத்தியர் அரசு முடிவுற்றது. நூலகமோ அழியவில்லை. 1918இல் அது பொதுமக்களின் உடைமையாயிற்று. சரபோஜி காத்த சுவடிகள் பல இன்று அச்சேறி, ஆராய்வோர்க்கும் கற்போர்க்கும் பயன்படுகின்றன. கம்பெனியின் ஆட்சியும் மறைந்துவிட்டது. கோட்டைக்குள் அவர் சேர்த்துவைத்த ஏடுகள் எஞ்சியிருக்கின்றன.