அன்புக்கு ஒழுங்கு தந்த அருளாளர்

1617ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்று. பிரான்சு தேசத்தின் சாத்தியோன் என்னும் சிற்றூரில், பங்குக்குரு வின்சென்ட் டி போல் திருப்பலிக்காகத் திருவுடை அணிந்துகொண்டிருந்தார். ஊருக்கு அப்பால் ஒரு வீட்டில் எல்லோரும் நோயுற்றுக் கிடப்பதாகவும், உதவ ஒருவருமில்லை என்றும் செய்தி வந்தது. அன்றைய பிரசங்கத்தில் அதையே உருக்கமாக எடுத்துரைத்தார்.

பிற்பகலில் அவ்வீட்டைக் காணப் புறப்பட்டவர் வியந்து நின்றார். உணவு கொண்டு போவோரும் கொடுத்துவிட்டுத் திரும்புவோருமாய் வழியெங்கும் ஊர்மக்கள்! மகிழ்ச்சியோடு அவருக்குக் கவலையும் பிறந்தது. இன்று குவிந்த உணவில் ஒரு பகுதி கெட்டுப்போகும். நாளை அக்குடும்பம் மீண்டும் பட்டினி கிடக்கும். அங்கே குறைவாயிருந்தது அன்பல்ல, ஒழுங்கே.

சில நாட்களுள் அவ்வூர்ப் பெண்களை அழைத்து ஓர் அன்புச் சங்கத்தை அமைத்தார். ஒவ்வொரு நாளும் ஒருவர் முறைவைத்துச் சமைத்து நோயாளரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பணத்துக்குக் கணக்கு எழுத வேண்டும். துணையுள்ள நோயாளரை முதலில் கவனித்து, தனித்திருப்போரிடம் கடைசியாகப் போகவேண்டும். அப்போதுதான் அவர்களோடு அதிக நேரம் இருக்கலாம். அந்த ஆண்டிலேயே இவ்விதிகள் ஆயரின் அங்கீகாரம் பெற்றன. 1633இல் புனித லூயிசா டி மரிலாக்குடன் சேர்ந்து பிறரன்புப் புதல்வியர் சபையையும் நிறுவினார்.

பின்னர் லொரேன் நாடு போரினாலும் பஞ்சத்தினாலும் பாழானபோது, பாரிசில் செல்வரிடம் நிதி திரட்டி அனுப்பினார். பணம் போகும் பாதையோ கொள்ளையரும் போர்வீரரும் திரிந்த பாதை. அவருடைய துறவற சகோதரர் மத்தேயு ரெனார் எளியவர் கோலத்தில் ஐம்பது தடவைக்கு மேல் பயணஞ்செய்து, கொள்ளைபோகாமல் அதைக் கொண்டு சேர்த்தார். அங்கிருந்த குருக்கள் வறியவருக்கு அப்பமும் கஞ்சியும் பங்கிட்டனர். உழைக்க வலுவுள்ளோருக்கு, மறுபடியும் கையேந்தாதிருக்க, விதையும் கருவிகளும் கிடைக்க வேண்டும் என்பதும் வின்சென்ட்டின் நோக்கம்.

1660 செப்டெம்பர் 27இல் இறைவனடி சேர்ந்த அவரைத் திருச்சபை 1737இல் புனிதராக உயர்த்தியது. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் தோழரும் தொடங்கிய சபை அவர் பெயரையே தாங்கி, நம் பங்குகளிலும் ஏழைகளின் வீடு தேடிச் செல்கிறது.

கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீடு திரும்புதல் எளிது. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா, நாளைக்கும் அடுப்பெரியுமா, ஒருவரும் எட்டிப் பாராத வீடு எது என்று கேட்பதே புனித வின்சென்ட் காட்டிய வழி. நம் பங்கிலும் அப்படியொரு வீடு இருக்கக்கூடும்.